பட்டினிப் பாத்தி

எங்கள் விவசாய அலுவலகத்தில் தேநீருக்குத் தரவரிசை இருந்தது. உத்தியோகத்தர்களுக்குப் பீரிசுத் தட்டோடு கோப்பை, எழுதுவினைஞர்களுக்குப் பீரிசில்லாத கோப்பை, சாரதிக்கும் காவலாளிக்கும் கண்ணாடிக் கிளாஸ். எந்தச் சுற்றறிக்கையிலும் இது எழுதப்படவில்லை. எழுதப்பட்ட சுற்றறிக்கை எதுவும் இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றப்பட்டதும் இல்லை.

அந்த ஒழுங்கு குலைந்ததை நான் முதலில் பார்த்தது தோப்பூருக்கு அப்பால் ஒரு சிறிய ஊரில். நானும் எங்கள் ஆராய்ச்சி உத்தியோகத்தரும் ஜீப்பில் போயிருந்தோம். சாரதி வழக்கப்படி படலைக்கு வெளியே நின்றுகொண்டார். வீட்டுக்காரர் அலுமாரியைத் திறந்து, பூப்போட்ட இரண்டு கோப்பைகளைப் பீரிசோடு எடுத்து மேசையில் வைத்தார். குசினியிலிருந்து வந்த அவருடைய மனைவி அவற்றைப் பார்த்தார். இரண்டையும் எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"என்ன செய்யிறாய்? சேர்மாருக்கு கப்பில குடு" என்றார் கணவர்.

"கப்பு ரெண்டுதான் கிடக்கு. ஆக்கள் மூண்டு."

"ட்ரைவர் தம்பி கிளாசில குடிப்பார்தானே."

"அப்ப சேர்மாரும் குடிப்பினம்."

மூன்று எவர்சில்வர் டம்ளர்கள் வந்தன. சாரதியைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்திய பிறகுதான் எங்களுக்கும் தேநீர் கிடைத்தது. டம்ளர் கையைச் சுட்டது. சால்வை போடும் உத்தியோகம் இல்லை என்பதால் கைக்குட்டையால் பிடித்துக் குடித்தேன். திரும்பி வரும்போது சாரதி கந்தளாய்ச் சந்திவரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

அந்த வீட்டுக்காரியை ஊரில் பெரியக்கா என்பார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். குள்ளமான உருவம், விரைவான நடை. கணவருக்குச் சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் காவல் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். மூன்று பிள்ளைகள், சில ஆடுகள், ஒரு மாடு, கொஞ்சம் தோட்டம். இவை எல்லாவற்றையும் பெரியக்கா தனியாகப் பார்த்தார். பார்த்தார் என்பதைவிடப் பங்கிட்டார் என்பது சரி. எது கையில் வந்தாலும் அதை எத்தனை பேருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் யோசனை.

அவித்த முட்டையை அவர் தையல் நூலால் அறுப்பாராம். கத்தி வைத்தால் மஞ்சள் கரு ஒரு பக்கம் கூடுதலாக ஒட்டிக்கொள்ளுமாம். கணவர் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"எனக்குக் காய்ச்சல் எண்டாலும் அதே அகப்பைதான் சேர். நோயாளி எண்டு ஒரு கரண்டி கூட விழாது."

"விழுந்தா நீங்கள் எழும்ப மாட்டியள்" என்றார் பெரியக்கா.

மூத்த மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தாள். "சோதனை எழுதினது நான். முட்டை சாப்பிட்டது எல்லாரும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"மற்றதுகளும் ஒரு நாள் எழுதப்போறதுகள்தானே" என்றார் தாய்.

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நியாயமாக நடப்பவர்களின் வீட்டில் பிள்ளையாகப் பிறப்பது அவ்வளவு சுகமான காரியம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

ஊர்க் கோயில் அன்னதானத்தில் அகப்பை எப்போதும் பெரியக்காவின் கையில்தான் இருக்கும். ஒரு வருடம் நானும் அழைக்கப்பட்டுப் பந்தியில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் அன்றைய அன்னதானத்துக்கு அரிசி மூட்டைகளைக் கொடுத்த, கட்டட ஒப்பந்தம் எடுக்கும் ஒரு கொந்தராத்துக்காரர். முதல் வடையை முடித்துவிட்டு இலையைச் சற்று முன்னுக்குத் தள்ளினார்.

"எல்லாருக்கும் ஒருக்கா வரட்டும் ஐயா" என்றார் பெரியக்கா.

"பிள்ளை, அரிசி என்ர."

"ஓம் ஐயா. அதாலதான் சோறு காணுது. வடை உளுந்தில செய்யிறது."

கொந்தராத்துக்காரர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. நானும் இன்னொரு வடை கேட்பதாக இருந்தேன். கேட்கவில்லை.

ஒரு தடவை ஏதோ அனுமதிக்காக முதல் பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்து எங்கள் அலுவலகத்தில் மர வாங்கின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். நான் கண்டு, உள்ளே வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். தனக்கு முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. மதிய இடைவேளைக்குக் கருமபீட ஜன்னல் மூடப்பட்டது. பிறகு சம்பந்தப்பட்ட எழுதுவினைஞர் கூட்டத்துக்குப் போய்விட்டார். பெரியக்கா அடுத்த நாளும் அதே பஸ்ஸில் வந்து, அதே வாங்கின் கடைசியில் உட்கார்ந்தார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் போய்த்தான் நாங்கள் சில பயிர்களுக்கு உரம் கொடுங்கள், சிலவற்றுக்குக் கொடுக்காதீர்கள் என்று சொன்னோம்.

விடயம் பேபி கோர்ன். எங்கள் கடிதங்களில் அது 'இளஞ்சோளம்'. ஹோட்டல்காரர்களுக்கு பேபி கோர்ன். பெரியக்காவுக்கு வெறும் 'பிஞ்சு'. சோளப் பொத்தியின் நுனியில் பட்டு நூல் எட்டிப் பார்த்த ஓரிரு நாளில் ஆய்ந்துவிட வேண்டும். பிந்தினால் நடுத்தண்டு முற்றி மரமாகிவிடும். விரல் அளவில், நேராக, வரிசை குலையாமல் இருந்தால்தான் நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரி எடுப்பார். பெரியக்கா தலைவியாக இருந்த மாதர் சங்கம் அதை நம்பி இறங்கியிருந்தது. கச்சான் கடலை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அவருடைய சொல்லைக் கேட்டுத்தான் கச்சானை விட்டார்கள். ஆனால் அவர்களுடைய தோட்டங்களில் பிஞ்சு கோணலாகவும் குட்டையாகவும் வந்தது. வியாபாரி பாதிக்கு மேல் திருப்பி அனுப்பினார். இன்னும் ஒரு போகம் பார்ப்பேன், பிறகு வேறு இடம் தேடுவேன் என்று சொல்லியும்விட்டார்.

ஆராய்ச்சி உத்தியோகத்தர் இலைகளைப் பார்த்ததும் காரணம் சொன்னார். நடு நரம்புக்கு இருபுறமும் வெளிறிய பட்டை ஓடியிருந்தது. கணுக்கள் நெருங்கிச் செடி குறண்டிப் போயிருந்தது. மணல் நிலம், அதில் நாகச் சத்து போதாது என்றார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாகம் என்று படித்ததைத்தான் உரக்கடையில் சிங்க் என்கிறார்கள். சிங்க் சல்பேற்றைச் சுண்ணாம்புத் தண்ணீரோடு கரைத்து இலையில் அடித்தால் தேறும் என்பது அவருடைய கருத்து. ஆனால் கருத்துக்கு அரசாங்கம் உரம் கொடுப்பதில்லை. அந்தப் பகுதி மண்ணில் பரிசோதித்துக் காட்டினால்தான் அது உரச் சிபாரிசில் சேரும். சேர்ந்தால்தான் சங்கத்துப் பெண்களுக்கு விநியோகத்தில் கிடைக்கும். நடைமுறை அப்படி. அதை நான்தான் அவர்களுக்கு விளக்கினேன். முப்பது வருட சேவையில் விளக்குவது மட்டும் எனக்கு நன்றாக வந்திருந்தது.

பெரியக்கா தன் தோட்டத்தையே தந்தார். பாத்திகள் மூன்று வகை: சிங்க் முழு அளவு பெறுபவை, பாதி அளவு பெறுபவை, ஒன்றுமே பெறாதவை. எது எது என்று சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துத் தடி நட்டோம். மூன்றாவது வகைக்கு ஆராய்ச்சி உத்தியோகத்தர் 'கட்டுப்பாட்டுப் பாத்தி' என்று பெயர் சொன்னார்.

"அதுக்கு ஒண்டுமே இல்லையோ?"

"தண்ணி இருக்கு, மற்ற உரம் இருக்கு. சிங்க் மட்டும் இல்லை அக்கா."

"மற்றதுகள் பக்கத்தில நிண்டு சாப்பிடேக்க?"

"ஓம். அப்பத்தானே வித்தியாசம் தெரியும்."

பெரியக்கா தடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பட்டினிப் பாத்தி" என்றார். அன்றிலிருந்து அதுதான் அதன் பெயர். எங்கள் சாரதிகூட அப்படித்தான் சொன்னார்.

உத்தியோகத்தர் ஒவ்வொரு பாத்திக்கும் நிறுத்து, பெயர் ஒட்டிய சிறு பைகளைக் கொடுத்தார். எப்படிக் கரைப்பது, எந்த வாரம் அடிப்பது என்று காட்டினார். வாரா வாரம் வர அவருக்கு ஆசைதான். ஜீப்புக்கான டீசல் ஒதுக்கீடு அந்த ஆசையைக் கணக்கில் எடுக்கவில்லை.

பொத்தி ஆயும் நாளில் நாங்கள் போனோம். எல்லாப் பாத்திகளும் ஒரே உயரம், ஒரே பச்சை, பிரமாதமும் இல்லை மோசமும் இல்லை. உத்தியோகத்தர் பட்டினிப் பாத்தியின் பொத்திகளை உரித்து நிறுத்தார், மற்றவற்றையும் நிறுத்தார். தராசு எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தியது. உத்தியோகத்தர் பிஞ்சு ஒன்றைக் கையில் உருட்டியபடி வெகுநேரம் யோசித்தார். இளம் பருவத்தில் தெரிந்த குறைபாடு, வேர் ஆழம் போனதும் தானாகவே தீர்ந்திருக்கிறது என்றார். அப்படி நடப்பதும் உண்டு. ஆகவே இந்த மண்ணுக்குச் சிங்க் தேவையில்லை.

சங்கத்துப் பெண்கள் பொத்தி உரிப்பதை நிறுத்தினார்கள்.

"அப்ப எங்களுக்கு உரம் வராதோ சேர்?" என்றார் அடுத்த வீட்டுக்காரி. சங்கத்தின் செயலாளர் அவர்தான். அளவாகப் பேசுவார், ஆனால் பேசினால் சுடும்.

"தேவையில்லாத உரத்தை எப்பிடித் தாறது?"

அப்போது பெரியக்கா மடியிலிருந்த பொத்தித் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"சேர், அதுக்கும் நான் குடுத்தனான்."

"எதுக்கு?"

"பட்டினிப் பாத்திக்கு."

உத்தியோகத்தருக்கு முதலில் விளங்கவில்லை. "நான் உங்களுக்கு மேலதிகமாகப் பை தரவில்லையே?"

"மேலதிகம் என்னத்துக்கு? நீங்கள் தந்த எல்லாப் பையையும் வெட்டிக் கொட்டி ஒரே அண்டாவில கரைச்சனான். எல்லாப் பாத்திக்கும் சரிசமமா அடிச்சனான். ஒண்டுக்கும் குறையேல்ல."

அண்டா கோயிலுடையது என்று பிறகு தெரியவந்தது.

உத்தியோகத்தர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். முழுப் பங்கு பெற வேண்டியது அரைகுறையாகப் பெற்று, பெறக் கூடாதது அதே அரைகுறையைப் பெற்று, எல்லாம் சேர்ந்து நடுத்தரமாக நின்றன. அந்தப் பரிசோதனை எதையாவது நிரூபித்தது என்றால், பெரியக்கா நன்றாகப் பங்கிடுவார் என்பதைத்தான்.

"அறிவிருக்கோ உங்களுக்கு?" என்றார் அடுத்த வீட்டுக்காரி. "எங்கட எல்லாற்றை வாயிலயும் மண். கச்சானை விடச் சொன்னது ஆர்? நீங்கள். அந்தச் செடிக்கு இரங்கினியள், எங்களுக்கு இரங்கேல்ல."

பெரியக்கா குனிந்து, உரித்த பிஞ்சுகளைக் கூடைக்குள் எடுத்துப் போட்டார். அவர் எண்ணாமல் எடுத்துப் போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளத்தால், யானையால், கட்டாக்காலி மாட்டால் பரிசோதனை அழிந்தால் அறிவிப்பதற்கு எங்களிடம் தனித்தனி நடைமுறை இருந்தது. இரக்கத்தால் அழிந்தால் என்ன செய்வது என்று எங்கும் சொல்லப்படவில்லை. 'பிற காரணங்கள்' என்பதன் கீழ் அடக்கினேன். விதிப்படி பரிசோதனையை வேறொருவரின் காணிக்கு மாற்ற வேண்டும். உத்தியோகத்தருக்கும் அதுதான் விருப்பம். பெரியக்கா ஜீப் வரை பின்னால் வந்தார்.

"இன்னொருக்காத் தாங்கோ சேர்."

"உங்களால ஏலாது அக்கா" என்றார் உத்தியோகத்தர். கோபமாகச் சொல்லவில்லை.

"ஏலாதுதான். ஆனாச் செய்வன். நான் கெடுத்ததை இன்னொருத்தி தோட்டத்தில ஏன் சரிப்படுத்தோணும்?"

காணியை மாற்றினால் மண் பரிசோதனை, அனுமதி, கையொப்பம் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வியாபாரி சொன்ன கடைசிப் போகம் அதற்குள் முடிந்துவிடும். இதை நான் எடுத்துச் சொன்னேன். உத்தியோகத்தர் ஒப்புக்கொண்டார். புதிதாகச் சீட்டுக் குலுக்கிப் பாத்திகளைப் பிரித்தார்.

இம்முறை பெரியக்கா சிங்க் பைகளை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. தானாகவே கொண்டுபோய் அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்தார். "நான் கேட்டாலும் தராதை" என்றாராம். அடிக்கும் நாளில் அடுத்த வீட்டுக்காரி பையோடு வந்து வரப்பில் காவல் நிற்பார்.

"பெரியக்கா, அந்தப் பக்கம் குழாய் திரும்புது."

"காத்தடி."

"காத்து உங்கட பக்கம்தான் அடிக்குது, எனக்குத் தெரியும்."

இடையில் ஒரு நாள் நான் தனியாகப் போயிருந்தேன். சிங்க் பெற்ற பாத்திகள் தோளுயரத்துக்கு வந்து கரும்பச்சையாக நின்றன. பட்டினிப் பாத்திகள் இடுப்பளவில், வெள்ளைக் கோடு விழுந்த இலைகளோடு நின்றன. அவற்றில் ஒரு புல்லும் இல்லை. மண் கொத்திப் பொலபொலவென்று கிடந்தது. மற்றப் பாத்திகளில் களை இருந்தது.

"களை பிடுங்கிறதும் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருக்கோணும்" என்றேன்.

"அதுவும் ஏலாதோ?"

"ஏலாது. தண்ணியும் கூட விடக் கூடாது."

அவர் மற்றப் பாத்திகளுக்குள் இறங்கிக் களை பிடுங்கத் தொடங்கினார். பட்டினிப் பாத்திக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"சேர், ஒபிசில நீங்கள் இதைத்தானே செய்யிறனீங்கள்?"

"எதை?"

"ஒரு ஊருக்குக் குடுத்து, மற்ற ஊருக்குக் குடாமல் வைச்சுப் பாக்கிறது."

"அது பரிசோதனைக்காக இல்லை. நிதி போதாமல்."

"குடாமல் நிக்கிற ஊருக்கு ரெண்டும் ஒண்டுதான்."

நான் நிதி ஒதுக்கீட்டு முறையை விளக்கத் தொடங்கினேன். முன்னுரிமைப் பிரதேசம், சனத்தொகை, சென்ற ஆண்டு மீதி. அவர் களை பிடுங்கிக்கொண்டே கேட்டார். பாதியில் எனக்கே சலித்துவிட்டது.

சோளத்துக்கு ஆண் பூ ஒடிக்கும் பருவம் வந்தபோது பெரியக்கா மெலிந்திருந்தார். காலையில் தோட்டத்துக்குப் போகச் சுற்றுப் பாதையால் போகிறா, பட்டினிப் பாத்திப் பக்கம் காலே வைக்கிறா இல்லை என்று கணவர் சொன்னார். "வீட்டிலயும் கதை குறைஞ்சு போச்சு சேர். ஒரு நாள் எனக்கு ரெண்டு அகப்பை போட்டுட்டா. நான் பயந்து போனன்."

ஆய்ந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. வியாபாரியும் தன் சிறிய லொறியோடு வந்து நின்றார். முழு அளவுப் பாத்திகளிலிருந்து வந்த பிஞ்சுகள் நேராக, மஞ்சளாக, மணி வரிசை ஒழுங்காக இருந்தன. பாதி அளவு பெற்றவை அவற்றுக்குச் சற்றுக் கீழே. பட்டினிப் பாத்தியில் பல செடிகள் ஒரு பொத்தியோடு நின்றுவிட்டன; உரித்தால் சுண்டுவிரலும் வராது. உத்தியோகத்தர் ஒவ்வொன்றாக நிறுத்தார். இரண்டாவது தடவையும் நிறுத்தார். பிறகு மின்தராசை அணைத்துவிட்டு, "சந்தேகமே இல்லை" என்றார்.

வியாபாரி ஒரு பிஞ்சை ஒடித்துக் கடித்துப் பார்த்தார். "இந்தச் சாமான் எண்டா எவ்வளவெண்டாலும் எடுப்பன்."

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அடுத்த வீட்டுக்காரி பெரியக்காவின் தோளில் கையைப் போட்டார். "நான் வாயைக் குடுத்ததை மனசில வைக்காதைங்கோ பெரியக்கா."

"நீ சொன்னது சரிதானே" என்றார் அவர். ஆனால் அவருடைய கவனம் அங்கே இல்லை. உத்தியோகத்தரிடம் கேட்டார்: "முடிஞ்சுதோ சேர்? இனி அளக்க ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அக்கா. எல்லாம் முடிஞ்சுது."

"சிங்கில மிச்சம் இருக்கோ?"

இருந்தது. ஒரு பை கிழிந்தால் மாற்றுவதற்கென்று உத்தியோகத்தர் கையிருப்பாகக் கொடுத்தது, பிரிக்கப்படாமல் அடுத்த வீட்டில் கிடந்தது. பரிசோதனை முடிந்தால் மீதி உரம் களஞ்சியத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. அதை எடுத்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. அடுத்த வீட்டுக்காரி கொண்டுவந்து தந்த பை அப்போது என் கையில்தான் இருந்தது.

"தாங்கோ" என்றார் பெரியக்கா.

"இனி என்னத்துக்கு அக்கா?" என்றார் உத்தியோகத்தர். "காயெல்லாம் ஆய்ஞ்சாச்சு. ரெண்டு நாளில மாட்டுக்கு வெட்டப் போறியள். இனி அடிச்சாலும் இலை பச்சையாகாது."

"எனக்கும் தெரியும்."

"பிறகு?"

"இண்டைக்கு உயிரோடதானே நிக்குதுகள்."

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். நான் பையைக் கொடுத்தேன். பெரியக்கா வாளியில் கரைத்து, தெளிகருவியில் ஊற்றி, முதுகில் மாட்டிக்கொண்டு பட்டினிப் பாத்திக்குள் இறங்கினார். அந்தப் போகத்தில் முதல் தடவையாக அவற்றை நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். தூறல் நின்றிருந்தது. வரிசையாகப் போனார், ஒவ்வொரு செடியையும் ஒரு கையால் பிடித்து, குருத்திலிருந்து அடியிலை வரை நனைத்தார். உத்தியோகத்தர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். பெண்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள்.

சாரதி ஜீப்பின் பின்கதவைத் திறந்து, களஞ்சியச் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். தராசு, அளவுகோல், தடிகள்.

"மீதி உரம் எங்க சேர்?"

"மீதி இல்லை" என்றேன்.